திராட்சை இல்லாமல்

எவாரிஸ்தோ மாடியைக் காலி செய்துகொண்டு
தெற்கே பூந்தா அரேனாஸ் போய்விட்டார்.
கட்டில் போனது, இரண்டு மிதிவண்டிகள் போயின,
கடைசியில், வயரைச் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிய
ரௌட்டரும் போனது.
ஆறு வருடம் மேல்பலகை வழியே
எனக்குக் கசிந்துகொண்டிருந்த வைஃபை
மத்தியானம் மூன்று மணிக்கு நின்றது.
மழை நிற்கவில்லை.
வால்திவியாவில் அதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

இப்போது எனக்கென்றே ஒரு பெட்டி.
கம்பெனிப் பையன் சுவரில் மாட்டினான்,
விறகடுப்புக்கு ரொம்பப் பக்கம் சென்யோரா என்றான்,
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.
போன் சேர்ந்துகொண்டது. லேப்டாப் சேர்ந்துகொண்டது.
பிரிண்டர் மட்டும்
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
நீல விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி
‘மாடி வீடு’ எங்கே என்றது.
மாடி வீட்டில் யாருமில்லையடா என்றேன்.
சிமிட்டியது.

நாளைக் காலை எட்டேகாலுக்கு
பத்தாம் வகுப்புக்கு அமிலமும் காரமும்.
முப்பத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு பக்கம்.

கட்டைவிரல் அகலத் திரையில்
தெருவே வரிசையாக வந்து நின்றது:
‘விறகுத் திருடா, பார்த்துக்கொண்டிருக்கிறேன்’,
‘பாரியெந்தோஸ் குடும்பம்’,
‘நாய்க்குத் தர மாட்டோம்’,
பெயரே வைக்காத ஒன்று.
என்னுடையது மட்டும் இல்லை.

கம்பெனிக்குப் போன் செய்தேன்.
அரைமணி நேரப் புல்லாங்குழலுக்குப் பின் ஒரு பெண்:
உங்கள் பெட்டி ஐந்து கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது,
அந்தக் கிழட்டு பிரிண்டருக்குக் காது எட்டாது,
இரண்டு புள்ளி நான்கைத் திறந்துவிடுங்கள்.
திறந்தேன்.
அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்:
சுருக்கு வழி ஒன்று இருக்கிறது.
பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும்
புதுசுக்கு அப்படியே வைத்துவிடுங்கள்.
எதுவும் மாறியதே அதற்குத் தெரியாது.

பெயர் தெரியும். பாஸ்வேர்ட்?
அது அவரே இறங்கி வந்து
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடித்தது.
கூலி, மாதம் ஒரு ஆப்பிள் கூஹன்.
இந்த ஊருக்கு ஜெர்மன்காரர்கள் கொண்டுவந்த பண்டம்;
என் கையில் ஓரம் பொன்னிறம், திராட்சை தாராளம்.
தட்டு எப்போதும் கழுவித்தான் திரும்பும்.

அவரைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் காற்று,
போனுக்குள் யாரோ தகரத்தை ஆட்டுவது போல.
‘பாஸ்வேர்டா?’
இணைப்பு அறுந்ததோ என்று திரையைப் பார்த்தேன்.
‘எல்லாம் சின்ன எழுத்து, ஓர்த்தென்சியா.
இடைவெளி கிடையாது.
கூஹன்.
திராட்சை.
இல்லாமல்.’

எழுபத்திரண்டு கூஹன்.
வேதியியல் டீச்சர், பெருக்காமல் இருக்க முடியுமா.
அத்தனை திராட்சையையும் என்ன செய்தீர்கள் என்றேன்.
‘பொறுக்கிப் பால்கனியில் வைப்பேன்.
ஒரு பூங்குருவி வருமே, பார்த்ததில்லையா?’
பார்த்திருக்கிறேன்.
ஜூலை மழையிலும் இதற்கு இவ்வளவு உடம்பா என்று
வியந்தும் இருக்கிறேன்.

ஆக, நான் அச்சடித்த ஒவ்வொரு தாளுக்கும்
என் வீட்டு பிரிண்டர் அந்தக் குறையை
மேலே சொல்லித்தான் கதவைத் திறந்திருக்கிறது.
எனக்குத்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இரண்டு பேரும்.

பழைய பெயரை அடிக்கத் தொடங்கினேன்.
மாடி, வரைக்கும்.
அழித்தேன்.
‘கீழ் வீடு’ என்று போட்டேன்.
பாஸ்வேர்ட்: கூஹன்திராட்சையோடு.
அம்புக்குறியை மேலும் கீழும் அழுத்தி அழுத்தி
எழுத்து எழுத்தாகக் கற்றுக்கொடுத்தேன்;
இரண்டு முறை தப்பு, மூன்றாவதில்
விளக்கு அசையாமல் நின்றது.
பிறகு கொஞ்சம் கனைத்து
சூடாக ஒரு தாள்: ‘கேள்வி 1. எலுமிச்சைச் சாறு ஏன் புளிக்கிறது?’

காலையில் தாள்களைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு
கதவைப் பூட்டும்போது பார்த்தேன்.
மாடிக் கம்பியில் அது.
தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
இதற்கு எந்த பட்டனை அழுத்துவது?
திரும்ப உள்ளே போய் ஒரு பிடி எடுத்துவந்து
என் ஜன்னல் விளிம்பில் கொட்டிவிட்டு ஓடினேன்.
பஸ் போய்விட்டிருந்தது.