மூன்றே கால் சிப்பம்

கொரடாச்சேரி சுகாதார நிலையத்துத் தராசு
நூற்றிருபதோடு நின்றுவிட்டது.
கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு
நான் இறங்கும்வரை நடுங்கியது முள்.
"தஞ்சாவூருக்கு எழுதித் தர்றேன்,
எடை எவ்வளவுன்னு தெரியணுமே" என்றார் நர்ஸ்.
பிரஷர் பார்க்கும் பட்டை கையைச் சுற்றி வரவில்லை.
இரண்டு முறை அவிழ்த்தார்,
மூன்றாம் முறை மணிக்கட்டருகே கட்டினார்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
பழகிய சிரிப்பு. திரும்பவில்லை.

நான் சத்துணவு அமைப்பாளர்.
என்னைப் பார்த்ததும்
முட்டைக் கணக்கைப் பார்க்கத் தோன்றும் அதிகாரிகளுக்கு.
பதினாறு வருஷம். ஒரு முட்டை குறைந்ததில்லை.
"புள்ளைங்க சோத்தையெல்லாம் இந்த அம்மாவே..."
டீக்கடையில் பாதியில் நிற்கும் அந்த வாக்கியத்தை
நான் கடந்து போனபின் முடித்துக்கொள்வார்கள்.

கொள்ளுக்கஞ்சி குடித்தேன். வாழைத்தண்டுச் சாறு குடித்தேன்.
இரவுச் சோற்றை விட்டேன்.
வெட்டாற்றங்கரையில் இருட்டோடு நடந்தேன்,
விடிந்தபின் நடந்தால் பார்ப்பார்கள் என்று.
ஒன்பது கிலோ போனது.
ஆற்றில் தண்ணீர் வருவதற்குள்
பதினொன்றாகத் திரும்பி வந்தது.

மாசி மாதம்.
கொள்முதல் நிலையத்தில் நெற்குவியல்கள்
தார்ப்பாய் போர்த்திப் படுத்திருந்தன.
இருட்டியபின் போனேன்.
எடை போடும் இருதயராஜ்
பகலெல்லாம் ஊருக்கே கேட்கும்படி எண்களைக் கூவுகிறவர்:
"நாப்பது அறுநூறு! நாப்பது அறுநூறு!"
விஷயத்தைச் சொன்னேன். மேலே எதுவும் கேட்கவில்லை.
தராசின் மேல் கிடந்த பதரைத்
துண்டால் தட்டினார்.
எண் தெரியும் பெட்டியை என் பக்கம் திருப்பினார்.
பிறகு,
லாரி எதுவும் வராத ரோட்டை
லாரி வருவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு எழுத்தில் நூற்று முப்பது.
மூன்றே கால் சிப்பம்.
அங்கே ஒரு சிப்பத்துக்கு ஓர் ஆள்,
கூலி உண்டு, முதுகுக்குச் சாக்கு உண்டு.
நான் மூன்றே காலையும் தனியாகத் தூக்கிக்கொண்டு
இத்தனை வருஷம் வேலைக்கு
நேரத்துக்குப் போயிருக்கிறேன் என்று
அப்போதுதான் உறைத்தது.
"சாக்கு எடையைக் கழிக்கணுமா அண்ணே?" என்றேன்.
திகைத்தார். அப்புறம் சிரித்தார்.
நானும்தான்.

தஞ்சாவூரில் கைப்பிடி இல்லாத பெஞ்சு.
அதற்கே அழுகை வந்தது.
ஒரு பக்கம் கும்பகோணத்துப் பாத்திரக்கடை ஹமீதாபானு,
மறுபக்கம் பாபநாசத்தில் ஆட்டோ ஓட்டும் வில்வநாதன்.
மூவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்,
யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"இத்தனை வருஷம் யாரைக் குத்தம் சொன்னீங்க?"
"என்னைத்தான் டாக்டர்."
"இது வியாதி. குத்தம் சொல்றத இன்னைக்கே நிறுத்துங்க.
மத்ததெல்லாம் மெதுவா."

ஆபரேஷனுக்குத் தேதி இன்னும் வரவில்லை.
பயமாகத்தான் இருக்கிறது.
நாத்தனார் சொல்கிறாள், வாயைக் கட்டத் தெரியாம
வயித்தை அறுத்துக்கப் போறியா என்று.
ராத்திரி ஒன்பதுக்கு ஹமீதா போன் செய்வாள்.
"சாப்டியா?"
குற்றச்சாட்டு இல்லாமல்
என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி.

நேற்றுப் பள்ளியில் எடை பார்க்கும் நாள்.
சார் ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படிக்க,
ஐந்தாம் வகுப்பு நிகிலன் பாத்ரூமில் ஒளிந்துகொண்டான்.
போய்க் கூட்டி வந்தேன்.
"நோட்டை இங்க குடுங்க சார், சாப்பாட்டுக்கு மணி ஆச்சு."
வரிசைக்கும் தராசுக்கும் நடுவில்
முதுகைக் காட்டி நின்றேன்.
என் முதுகைத் தாண்டி
யாராலும் எதையும் பார்க்க முடியாது.
அவன் ஏறினான். குனிந்து பார்த்தான்.
நான் ஓட்டில் விழுந்திருந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"எழுதணும்ல?" என்றான், மெதுவாக.
பேனாவை அவனிடம் கொடுத்தேன்.