நாள் கூலி முந்நூறு லெம்பிரா

நாள் கூலி முந்நூறு லெம்பிரா, மதியச் சோறு தனி.
வேலை: வாய்.
அவர்கள் சொல்வதை மிஸ்கிட்டோவில் சொல்வேன்,
எங்கள் சனங்கள் சொல்வதை ஆங்கிலத்தில்.

காயலைக் கடந்து வந்தோம்.
அவர்கள் பதினேழு பேர்,
ஒரே நீலச் சட்டை, முதுகில் வசனம்.
பத்துப் பெட்டி மூக்குக் கண்ணாடி,
குடல்புழு மாத்திரை, பலூன்,
பொம்மலாட்டத்துக்குத் துணியில் ஒரு யோனா,
அவனைவிடச் சின்னதாய் ஒரு மீன்.

"இவர்கள் இயேசுவை அறிவார்களா?"
கரை இறங்கியதும் பாஸ்டர் தாட் கேட்டார்.
ஓர்டீனா கோயில் மணியைக் காட்டினாள்.
"மூன்று புயலில் விழுந்தது அது,
மூன்று தடவையும் நாங்களே ஏற்றினோம்.
இவர் எந்தச் சபை, கேள்."
"அறிவார்கள், ஐயா" என்றேன்.
கண்மூடி ஸ்தோத்திரம் சொன்னார்,
தாம் வந்த பிறகு நடந்ததுபோல.

மூன்றாம் நாள் ரெண்டெல் வீட்டுக்குச்
சக்கர நாற்காலி போயிற்று.
நான் காயலின் அக்கரைக்காரி,
அவனை அன்றுதான் பார்த்தேன்.
சிங்கி இறாலுக்காக இருபது பாகம் முங்கியவன்,
ஒரு நாளுக்குப் பன்னிரண்டு சிலிண்டர்.
கடைசிச் சிலிண்டரில் காற்று தீர்ந்து
அவசரமாய் மேலே வந்தான்.
இடுப்புக்குக் கீழே வரவில்லை.

"என்ன நடந்தது?"
"லிவா மைரின் பிடித்துக்கொண்டாள்" என்றான்.
நீருக்கடியில் இருப்பவள் அவள்.
தன் இறால்களை எண்ணி வைத்திருப்பவள்.
எந்தச் சொல்லில் ஏற்றி அவளை அக்கரை சேர்ப்பேன்?
"டைவிங் விபத்து" என்றேன்.

பாஸ்டர் அவன் முழங்காலில் கை வைத்து
நெடுநேரம் ஜெபித்தார்.
இவன் எழுந்து நடக்கட்டும் என்றார்.
வியர்வை சொட்டியது, குரல் உடைந்தது,
பொய்யில்லை அதில்.
ஆனாலும் எனக்கு நாக்கு எழவில்லை.
மிஸ்கிட்டோவில் இப்படிச் சொன்னேன்:
கர்த்தாவே, இவன் படுக்கைப் புண் ஆறட்டும்.
கப்பல்காரன் தரவேண்டிய பணம் வரட்டும்.
மணலில் உருளும் சக்கரம் கிடைக்கட்டும்.
எல்லோரும் ஆமென் என்றார்கள்.
அந்தச் சொல்லுக்கு மட்டும் நான் தேவையில்லை.

நாற்காலி ஆஸ்பத்திரித் தரைக்குச் செய்தது.
படம் எடுத்து முடித்து
வாசல் தாண்டியதும் மணல் விழுங்கியது.
பிரின்லி என்ற பதினாறு வயதுப் பெண்
மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினாள்.
தோண்டிக்கொண்டே என்னிடம் மெதுவாக,
"போன மாதம் என் பிறந்தநாளுக்கு
அந்த இறாலைத்தான் சாப்பிட்டேன்.
வெண்ணெயில் தோய்த்து.
அவரிடம் சொல்லாதீர்கள்."

"வெண்ணெயோடு நன்றாயிருக்கும் என்பான் கேப்டன்.
நான் தின்றதில்லை" என்றான் ரெண்டெல்.
ஆங்கிலத்தில்.
ரோவாடன் கப்பல்களில் பதினோரு பருவம்
வசவாகவே கேட்டுப் பழகிய ஆங்கிலம்.
"சக்கரம் மெலிசு, பெண்ணே.
அகலமாக வேண்டும்."
அவள் அழுதபடியே நோட்டை எடுத்து
எவ்வளவு அகலம் என்றாள்.
நாலு விரலைச் சேர்த்து நீட்டினான்.
தாளில் அவன் கையை வைத்து
ஓரம் வரைந்துகொண்டாள்.

எனக்கோ அடிவயிறு குளிர்ந்தது.
இரண்டு ஜெபத்தையும் கேட்டிருக்கிறான்.

ஒன்பதாம் நாள் வழியனுப்ப வந்தான்.
படகுத்துறைப் பலகை அறுபது அடி,
அதன்மேல் நாற்காலி நன்றாகவே ஓடுகிறது.
யாரையும் தள்ளவிடவில்லை.
பெட்டிகள் ஏறும் சத்தத்தில்
குனிந்து கேட்டேன்: ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

"சொன்னால் உன் கூலி?"
பிரேக்கைப் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான்.
அந்த விளையாட்டு அவனுக்குப் பிடித்திருந்தது.
"ஜூலையில் வேறொரு குழு வருகிறதாமே.
அவர்களிடமும் எனக்கு ஆங்கிலம் தெரியாது,
சரியா?"