தங்கூசிச் சோதனை

ஜாலான் பாசாரில் ஆ கியோங்கின் கடை.
ஒயர் சுருள்களுக்கு நடுவே ஒரு ஸ்டூல்.
"கல்யாணத்துக்கா?" என்றான்,
பதினேழு வருடமாய் என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி.
"இல்லை, தலைக்கு."
சிரிக்கவில்லை.
தராசை எடுத்து வைத்தான்.

சின்னது நூற்று ஐம்பது கிராம்.
அதில் எந்த முகமும்
மீன்தொட்டிக்கு அந்தப்பக்கம் நிற்பதுபோல் உப்பும்.
பெரியது, லென்ஸோடு, எழுநூற்று இருபது.
மூக்குத்திக் கல்வரை தெரியும்.
ஆனால் குடை விரியும் அந்த ஓர் இழுப்பில்
எழுநூற்று இருபதும்
மூன்று கிலோ அரிசிப் பையாகி
கழுத்தில் வந்து உட்காரும்.

பெரியதையே வாங்கினேன்.

செந்தூல் பிளாட்டின் ஐந்தாம் மாடியில்
ஈயக்குண்டு ஒட்டிய ஹெல்மெட்டோடு
இரண்டு வாரம் துணி காயப்போட்டேன்.
எதிர் பிளாட்டுப் பையன்
ராக்கெட்டில் போகிறவளுக்குக் காட்டுவதுபோல்
தினமும் டாட்டா காட்டினான்.

அஸ்ருல் வந்தான், அரமும் கறுப்பு டேப்பும் கொண்டு.
"விளிம்பெல்லாம் கொக்கி" என்றான்.
தட்டின் நான்கு மூலைகளையும்
மோதகம் போலாகும்வரை ராவினான்.
பிறகு தங்கூசியை நீளமாய் அவிழ்த்து
ஹெல்மெட்டின் மேல் எல்லாத் திசையிலும் இழுத்தோம்.
குடையின் கயிறு எங்கே மாட்டுமோ
அங்கே இதுவும் மாட்டும்.

முதலில் ஒரு திருகாணித் தலையில் மாட்டியது.
டேப்.
அடுத்து கேபிள் வளைந்த இடத்தில்.
டேப்.
மூன்றாவதாக என் ஜிமிக்கியில்.

கழற்றி உப்பு டப்பாவில் போட்டேன்.

குறி பார்க்க வலக்கண் எதிரே ஒரு வளையம்.
சுவர்க் காலண்டரில்
வாடகை கட்டும் தேதிமேல் கறுப்புப் பொட்டு ஒட்டி
வளையத்தின் நடுவும் லென்ஸின் நடுவும்
அந்தப் பொட்டில் சேரும்வரை
நிமிண்டி, முறுக்கி, திட்டி,
இரவு ஒன்றேகால்.
ஃபோக்கஸ் வளையத்துக்கும் டேப்.
இனி தலைதான் முக்காலி.

எங்காவது மாட்டிக்கொண்டால்
தாடைக்குக் கீழிருக்கும் வாரை ஒரே இழுப்பு.
அத்தனை காசும் காற்றோடு போகும்,
நான் மிஞ்சுவேன்.
கண்ணை மூடி நூறு முறை இழுத்துப் பழகினேன்.
முதல் இருபதில்
கை லென்ஸைக் காப்பாற்றத்தான் போனது.

கிளிக் செய்ய வாயில் ஒரு சுவிட்ச்.
கடித்தால் படம்.
நல்ல வேளை இது முன்னமே இல்லை.
மண்டபம் மண்டபமாக
நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம்
எத்தனை ஆல்பம் ஆகியிருக்கும்.

இருநூற்றுப் பதினான்காம் குதிப்பு,
கேமராவோடு முதலாவது.
அஸ்ருலின் நெஞ்சோடு கட்டப்பட்டவர் மேடம் லியோங்,
அறுபத்து மூன்று வயது,
பூடுவில் தௌஃபூஃபா விற்பவர்.
விமானத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்:
"என் கண் மூடியிருந்தா காசு தரமாட்டேன்."

கதவு திறந்தது.
தூரத்தில் இரட்டைக் கோபுரம் இரண்டு ஊசிமுனை.
பிறகு அதுவும் இல்லை.
காற்று மட்டும்,
கன்னத்தை இழுத்து இழுத்துப் பார்க்கும்
சொந்தக்காரி மாதிரி.

மறுநாள் காலை அவர் கடையில்
லேப்டாப்பைத் திறந்தேன்.
தொண்ணூற்று மூன்று படங்கள்.
ஒன்றிலும் அவர் கண் மூடவில்லை.
வெள்ளை முடி மேலே பறக்க
கீழே கிடக்கும் ஊரை
மீன் வாங்குகிறவர்போல் பார்க்கிறார்.

ஆனால் பதினொரு படங்களில் அவரே இல்லை.
ஒரு இடது மணிக்கட்டு,
அதில் வட்டமாய் உயரமானி.
அதைக் குனிந்து பார்த்த போதெல்லாம்
கடித்திருக்கிறேன்.

"யார் கை இது?"
"என்னுது, மேடம்."
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
வெகுநேரம் பார்த்தார்.
"நல்ல வாட்ச்.
மணி என்ன காட்டுது?"

"எட்டாயிரம்" என்றேன்.