பதினொன்றின் கீழ் ஏழு

பதினொன்றாம் பதிப்பை வாங்கினோம்,
ஏழாம் பதிப்பை ஓட்டுவதற்காக.
வங்கிக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.
நான் மூன்று தடவை சொன்னேன்.

தக்கைகளைத் தரம் பிரிக்கும் எந்திரத்துக்கு
நான்கு கேமராக் கண்கள்.
செய்த கம்பெனி போர்த்தோவில் பூட்டி ஆறு வருடம்.
அந்தக் கண்கள் ஏழோடு மட்டும்தான் பேசும்.
எட்டை ஏற்றிய அன்று
நல்ல தக்கை நாற்பதாயிரத்தைப்
புழுத்துளை என்று கழிவுக் கூடையில் தள்ளின.
அன்றிலிருந்து ஏழை நம்பித்தான் பிழைப்பு.

ஏழு இப்போது விற்பனையில் இல்லை.
பதினொன்றின் ஒப்பந்தத்தில், பதினான்காம் பக்கத்தில்,
எறும்பு வரிசையாக ஒரு வாக்கியம்:
உரிமம் பெற்றவர் முந்தைய பதிப்பைப் பயன்படுத்தலாம்.
அந்த 'லாம்' மட்டும் இரண்டாயிரத்து நூறு யூரோ.
அடுத்த வரி:
வட்டை நாங்கள் தரமாட்டோம்.

கணக்குப் பிரிவு தியோலிந்தா
இரண்டு நாள் அலமாரிகளைக் கவிழ்த்தாள்.
கடைசியில் அதெரித்துவின் காப்பிக் கோப்பைக்கு அடியில் இருந்தது,
பழுப்பு வளையங்களோடு.
தக்கைத் தொழிற்சாலையில் அந்த மனிதருக்குக்
கோப்பை வைக்க ஒரு தக்கை அகப்படவில்லையாம்.
எச்சில் தொட்டுத் துடைத்தோம்.
மூன்றாம் முறை வாசித்தது.

பிறகு தொலைபேசி. ஐம்பத்து நான்கு இலக்கங்கள்.
அரவை எந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் கத்தினேன்.
எத்தனை கணினி என்று கேட்டது மறுமுனை.
ஒன்று என்றேன். ஒன்றுதானா என்றது.
ஒன்றேதான்.

அக்டோபரில் தணிக்கைக்கு வந்தார் வீலாரிஞ்ஞோ.
"பதினொன்று எங்கே?"
காகிதத்தைக் காட்டினேன்.
"நிறுவவில்லையா?"
"இல்லை."
"பிறகு எதற்கு வாங்கினீர்கள்?"
"நிறுவாமல் இருக்க."

முற்றத்தில் லாரி பட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தது.
ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைச் சாயத்தில் ஏழு.
மனிதர் திடுக்கிட்டுப் பேனாவைத் திறந்தார்.
அது மரத்தை உரித்த வருடம், ஐயா.
பதினேழில் உரித்தது.
ஒன்பது வருடம் கத்தி படாமல் விட்டிருந்தார்கள்.
பேனாவை மூடிக்கொண்டார்.

குறிப்பேட்டில் எழுதினார்:
உரிமை பதினொன்று, ஓடுவது ஏழு, குற்றமில்லை.
பன்னிரண்டு வரும்போதும்
அந்த எறும்பு வரிசை இருக்குமா என்று கேட்டேன்.
தொப்பியைத் தேடினார்.

வட்டு இப்போது ரொக்கப் பெட்டிக்குள்.
சாவி தியோலிந்தாவின் கழுத்துச் சங்கிலியில்.
பதினொன்று வந்த பளபளப்பு அட்டை
அதெரித்துவின் கோப்பைக்கு அடியில்.
நேற்றுப் பார்த்தேன்,
முதல் வளையம் விழுந்திருந்தது.