மூன்று நரம்பு

சாக்கைப் பிரித்துக் கொட்டும்போது வந்தாள்.
கத்திரி வெயில், மதியம் ஒன்றரை,
காந்தி ரோட்டுத் தார் செருப்பைப் பிடித்திழுக்கும் நேரம்.
அரைக்கிலோ அரிசி வேண்டுமாம்.
லாட்ஜில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்
எதையும் அரைக்கிலோதான் கேட்பார்கள்.
அடுத்த வாரம் தெரியாதவர்களின் அளவு அது.

நிறுத்து முடிப்பதற்குள் அரிசியை மறந்துவிட்டாள்.
பிரிஞ்சி இலைக் குவியலில் ஒன்றை எடுத்து
ஒடித்து, மூக்கருகே வைத்து,
என்னைப் பார்த்தாள்,
திருட்டுப் பொருள் விற்கிறவனைப் பார்ப்பதுபோல.

அவளுடைய இந்தியும் என்னுடைய இந்தியும்
தட்டுத் தடுமாறிச் சந்தித்துக்கொண்டன:
எங்கள் வீட்டுப் பின்சரிவில் இந்த மரம்.
வருஷத்தில் பாதி மழைக்குள்ளேயே நிற்கும்.
தளிர் சிவப்பு.
குளிர் வந்தால் அவர் ஏறுவார் வெட்ட.

அவர், எதிரே ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில்.
இரண்டு கையிலும் நரம்பு கிடைக்கவில்லையாம்.
இன்று காலில் குத்தியிருக்கிறார்கள்.

இருபத்தாறு வருஷமாக விற்கிறேன்.
ஆம்பூர் பிரியாணிக்காரர் மூட்டையாக எடுப்பார்,
மற்றவர்கள் ஐந்து ரூபாய்க்கு.
இதற்கு ஒரு மரம் இருக்குமென்று நினைத்ததே இல்லை.
பாலாற்று மணலில் பந்து பொறுக்கி வளர்ந்தவனுக்கு
இது சாக்கில் விளைவது.

கவிழ்த்த எண்ணெய் டின்னில் உட்கார்ந்து
கேட்காமலே பொறுக்க ஆரம்பித்தாள்.
இது வேறு மரம். இதுவும்.
இது முற்றாமல் பறித்தது, பாவம்.
கோதண்டம் வாங்கிவந்த டீ ஆடை கட்டிவிட்டது.
ஒரு இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தாள்:
பார், மூன்று நரம்பு,
காம்பிலிருந்து நுனிவரை.
இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம்
ஒன்றும் சொல்லவில்லை.

பாக்கி நோட்டில் அறை எண்தான் எழுதுவேன்.
அன்று பெயர் கேட்டேன்.
தாரிலின் என்று எழுதி, பக்கத்தில் பதினேழு ரூபாய்.

பதினைந்து நாளில் அறை காலி.
எந்த ரயில், எத்தனை டிக்கெட்,
லாட்ஜ் பையனுக்குத் தெரியவில்லை.
இப்போது மால்டாவிலிருந்து ஒரு குடும்பம்,
அரைக்கிலோ பருப்பு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிரிஞ்சி.
தட்டோரம் ஒதுக்கிய இலையை எடுத்துத் துடைத்தேன்.
எண்ணினேன். மூன்று.
வாயில் போட்டு மென்றேன்.

கசப்பு. நார். நாக்கோரம் லேசாகக் கிராம்பு.

"அதைப் போய் யாராவது தின்பாங்களா?" என்றாள் ரேணுகா.
துப்பலாம் என்று எழுந்தேன்,
குழாயடி வரை போனேன்.
மென்றுகொண்டே நின்றேன்.