வேகம் தெரியாத குளிர்காலம்

நவம்பரிலிருந்து
என்ன வேகத்தில் போகிறேன் என்று தெரியாமல்தான்
ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மதியம் இரண்டரைக்கே இருட்டிவிடும் இனாரியில்.
டாஷ்போர்டு அதற்கும் முன்னால் இருட்டிவிட்டது.
முள் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கல்.
எண்பதா நூறா,
எஞ்சின் முனகுவதை வைத்து ஒரு குத்துமதிப்பு.
பெட்ரோல் பார்க்க
நோயாளியின் தொண்டைக்குள் அடிப்பதுபோல்
டார்ச் அடிப்பேன்.

வீடுவீடாகப் போகும் செவிலி நான்.
ஒரு சுற்று நூற்றெழுபது கிலோமீட்டர்:
மூன்று இன்சுலின்,
ஒரு புண் கட்டு,
பன்னிரண்டு கால்களுக்கு இறுக்கக் காலுறை.
வண்டி எண்பத்தொன்பதாம் வருட வோல்வோ.
ஹெய்மோ செத்தபின் அவன் தங்கை ஐல்மி
விறகு விலைக்குக் கொடுத்தாள்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.
பங்க்கில் இருப்பவன்: பேட்டரி.
தபால் வேன் ஓட்டும் தாவ்னா: குளிர், வேறென்ன.
என் கணவன்:
மாற்ற வேண்டியது பல்பு இல்லை, உன் கண்ணாடி.

ஞாயிற்றுக்கிழமை, மைனஸ் இருபத்துநான்கு.
தீயணைப்புக் கொட்டகையில் ஓரமாக இடம் கேட்டு
வண்டியை விட்டேன்.
திருகுகளைக் கழற்றி
மீட்டர் பெட்டியைச் சாய்த்தால்
விரல் நுழையாத சந்து.
பையில் கிடந்த வளைந்த இடுக்கி நுழைந்தது,
ரத்தக் குழாயைப் பிடிக்கும் இடுக்கி.
இடப்பக்கம் கால் சுற்று.
வந்துவிட்டது.

மூன்று பல்புகள். ஒன்று எரிந்து போயிருந்தது.
ஒன்றின் வயிற்றில் கரி.
மூன்றாவது தனியாக
இத்தனை நாளும் ஏதோ செய்துகொண்டிருந்திருக்கிறது.

மூன்றும் புதிதாகப் போட்டேன்.
அப்படியும் மங்கல்.

பிறகுதான் பஞ்சில் உப்புநீர் நனைத்து
எண்களின் பின்னாலிருந்த தகட்டைத் துடைத்தேன்.
பஞ்சு பழுப்பாக வந்தது.
இன்னொரு பஞ்சு. அதுவும்.
ஹெய்மோவின் முப்பது சிகரெட்,
தினம் முப்பது.
அவன் கடைசியாக இருமிய கிண்ணத்தை நான்தான் கழுவினேன்.
இந்தப் பழுப்பு எனக்குத் தெரியும்.

வெள்ளை உரிந்த இடத்தில்
காப்பிப் பொட்டலத்தின் உள்பக்க வெள்ளித் தாளை
வெட்டி ஒட்டினேன்.
வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம்
அடி மட்டத்தில் இறுகிக் கிடந்தது.
துரு என்று நினைத்து
முன்னும் பின்னும் இருபது தரம் உருட்டி
முழுக்கத் திறந்துவிட்டேன்.

அடேயப்பா.
ஒவ்வொரு எண்ணும் சலவை செய்ததுபோல்.
பெட்ரோல் முள் சிவப்பில்.
ரேடியோ ஓரத்தில் சிகரெட் சுட்ட வடு.
கொட்டகையை விட்டு நெடுஞ்சாலைக்கு வந்ததும் தெரிந்தது:
எண்பது என்று நான் நம்பிய முனகல்
அறுபத்திரண்டு.
எல்லா வீட்டுக்கும் ஏன் தாமதமானேன் என்பதற்கு
இரண்டு மாதம் பனியைத்தான் திட்டியிருக்கிறேன்.

காமானென் போகும் பாதையில் எண்பது போனேன்,
நிஜ எண்பது.
முன்கண்ணாடியில் எண்கள் மிதந்தன.
அவற்றுக்கு அப்பால் சாலை இருக்கும் என்று
எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.
நூற்றிருபதுக்கும் நூற்றிநாற்பதுக்கும் நடுவே
ஒரு ஜோடிக் கண்.

பிரேக்கில் வண்டி குறுக்கே திரும்பி நின்றது.
துருவமான்.
நகரவில்லை. உப்புக்காக
பம்பரை நக்கத் தொடங்கியது.

ஹெய்மோ நாற்பது வருடம்
மான்வேலி பார்த்தவன்.
இருட்டில்தான் போவான்,
இருட்டில்தான் வருவான்.
சக்கரம் துருப்பிடித்து நிற்கவில்லை.

கை நடுக்கம் அடங்கியதும்
அவன் வைத்திருந்த இடத்துக்கே இறக்கினேன்,
ஒரு பல் மட்டும் மேலே விட்டு.
கண்ணாடியில் எண்கள் அணைந்தன.
காடு திரும்ப வந்தது,
மரம் மரமாக.
குனிந்து பார்த்தால் முள்ளும் தெரிந்தது.

எழுபத்தொன்று.
நாலேகால்.
சைமி காத்திருப்பாள்,
ஒரு காலுறையைத் தானே முழங்கால்வரை இழுத்துவிட்டு
மற்றதோடு மல்லுக்கு நின்றபடி.