ஏழு எலும்பு

தான்சானியாச் சாக்கைக் கவிழ்த்தபோது
அண்டியோடு ஒரு முள் விழுந்தது.
நடுவிரல் நீளம். வெள்ளை. வளைத்தாலும் ஒடியவில்லை.
கருங்கல் அண்டியாபீஸில்
கல்லும் கட்டிமண்ணும் எடையோடு சேர்ந்து வரும்,
ஒரு தடவை துருப்பிடித்த சாவி,
ஒரு தடவை யாரோ முடிச்சுப் போட்ட சிவப்புக் கயிறு.
முள் இதுதான் முதல்.

"உடைமுள்ளு மாதிரி இருக்கு பிள்ளே,
ஆனா நம்ம ஊரு உடை இல்ல" என்றாள்
பக்கத்தில் தல்லும் லில்லட்.

ராத்திரி மகன் போனில் தேடித் தந்தான்
அந்த மரத்தையும்
அதைத் தின்னும் ஒட்டகச்சிவிங்கியையும்.
நெட்டை என்பதற்குமேல்
எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முள்ளுக்கு முள் இடைவெளி பார்த்து
நாக்கை நுழைக்கிறது. ஒரு முழ நாக்கு, கறுப்பு.
வெயிலில் பொரியாமலிருக்கத்தான் அந்தக் கறுப்பாம்.
என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.
இது அண்டிப்பால் எரித்து எரித்து வந்தது,
சாம்பல் தேய்த்தாலும் போகாது.

தண்ணீர் குடிக்க
முன்னங்கால் இரண்டையும் அகல அகல விரித்து,
விழுந்துவிடும் என்று நாம் நினைக்கும்வரை விரித்து,
குனிகிறது.
சிங்கம் காத்திருப்பது அந்தக் குனிவுக்கு.
ஒன்று குடிக்கையில் இன்னொன்று நிமிர்ந்து நிற்கிறது,
மேஸ்திரி சைலஸ் வரும்போது
லில்லட் இருமுவாளே, அதுபோல.

ஈனும்போதும் உட்காருவதில்லை.
ஆறடி உயரத்திலிருந்து குட்டி
தலைகுப்புறப் பொத்தென்று விழுகிறது,
ஒரு மணி நேரத்தில் நடுங்கி நடுங்கி எழுகிறது.
மகன் அதை மட்டும் மூன்று தரம் போட்டுச் சிரித்தான்.
குழித்துறை ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல்
வராந்தாத் தூணைப் பிடித்து நான் நின்ற ராத்திரி
அவனுக்கு எப்படித் தெரியும்.

போன மாதம் மார்த்தாண்டத்து டாக்டர்
படத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சொன்னார்:
கழுத்தில் ஏழு எலும்பு,
அஞ்சாவதும் ஆறாவதும் தேய்ஞ்சிருக்கு,
குனிஞ்சு வேலை செய்யாதீங்க.

அதற்கும் ஏழுதானாம்.
ஆறடிக் கழுத்துக்கும் அதே ஏழு,
ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குமேல்.

மறுநாள் தல்லிக்கொண்டே லில்லட்டிடம் சொன்னேன்,
நின்றபடியே கொஞ்சம் கண்ணயருமாம்,
ராத்திரியில் தாழ்ந்த குரலில் முனகுமாம்,
எதற்கென்று படித்தவர்களுக்கே தெரியவில்லையாம்.

அவள் நிமிரவில்லை.
"கழுத்து வலிக்கும்" என்றாள்.